ஆக்ஸ்டிஎன்ஏ சிமுலேஷன் தகராறு செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

"அக்கா, ஓட்டினா அப்படியே நின்னு போகு. என்னன்னே தெரியல."

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு மாணவி இரவு பத்து மணிக்குப் போனில் சொன்னது இது. முதுகலை புராஜெக்டுக்காக ஒரு சின்ன டிஎன்ஏ பெட்டியை, டிஎன்ஏவின் அசைவைக் கணினியில் கணக்கிடும் ஆக்ஸ்டிஎன்ஏவில் ஓட்டிக்கொண்டிருந்தாள். எர்ரர் வரியை நான் கேட்கவில்லை. "எனர்ஜி கோப்பைத் திற, கடைசி வரியில் இரண்டாவது எண்ணும் மூன்றாவது எண்ணும் என்னன்னு படி" என்றேன். பாளையங்கோட்டையில் என் வீட்டுக்குச் சனிக்கிழமைதோறும் சில பிள்ளைகள் இந்த வேலையோடு வருவார்கள். அவர்கள் எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது இதுதான். வைத்தியர் நாடி பிடிக்காமல் மருந்து சொல்ல மாட்டார், இல்லையா?

அந்த இரண்டு எண்களும் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கீழே வரும் எல்லா அறிகுறிக்கும் அவை தேவைப்படும்.

ஆக்ஸ்டிஎன்ஏ என்பது ஆக்ஸ்ஃபோர்டில் தாமஸ் ஓல்ட்ரிட்ஜ், ஆர்ட் லூயிஸ், ஜோனதன் டோய் ஆகியோர் உருவாக்கிய பருமணி மாதிரி. அணு அணுவாகக் கணக்குப் போடாமல், டிஎன்ஏ இழையின் ஒரு கண்ணியான நியூக்ளியோடைடை ஒரே திடப்பொருளாக எடுத்துக்கொள்கிறது. அதன் மேல் முதுகெலும்புக்கு ஒரு புள்ளி, அடுக்கு ஈர்ப்புக்கு ஒன்று, ஹைட்ரஜன் பிணைப்புக்கு ஒன்று. தண்ணீர் கிடையாது, அயனி கிடையாது. நீளம், ஆற்றல், வெப்பநிலை எல்லாம் அதன் சொந்த அலகில் இருக்கும். நீள அலகு ஒன்று 0.8518 நானோமீட்டர். வெப்பநிலை 0.1 என்றால் 300 கெல்வின்.

எம்டி (மூலக்கூறுகளின் அசைவை அடி அடியாகக் கணக்கிடும் முறை) ஓட்டத்தின் எனர்ஜி கோப்பில் முதல் எண் நேரம், இரண்டாவது நிலையாற்றல், மூன்றாவது இயக்க ஆற்றல், நான்காவது மொத்தம். எல்லாம் ஒரு நியூக்ளியோடைடுக்கு இவ்வளவு என்ற கணக்கு. ஒழுங்காகச் சேர்ந்திருக்கும் இரட்டை இழை அறை வெப்பத்தில் இருந்தால் நிலையாற்றல் -1.4, -1.5 பக்கத்தில் நிற்கும். இயக்க ஆற்றலைக் கணக்குப் போட்டே சொல்லலாம். திடப்பொருளுக்கு நகர மூன்று வழி, சுழல மூன்று வழி. ஒவ்வொன்றுக்கும் வெப்பநிலையில் பாதி. ஆக, மொத்தம் வெப்பநிலையின் மூன்று மடங்கு. 20 டிகிரி செல்சியஸில் 0.293, 27 டிகிரியில் 0.3. மூன்றாவது எண்தான் உங்கள் தெர்மாமீட்டர்.

அந்த மாணவியின் இரண்டாவது எண் பல ஆயிரத்தில் இருந்தது. அவளுடையது முதல் அறிகுறி.

துவங்கியவுடன் நின்றுவிடுகிறது, பிணைந்த அண்டை நியூக்ளியோடைடுகளின் தூரம் எல்லை மீறியது என்று செய்தி வருகிறது

வருகிற பத்துப் பேரில் பாதிப் பேருக்கு இதுதான். மாதிரி கெட்டுப்போகவில்லை. ஆரம்ப வடிவம்தான் கெட்டிருக்கிறது.

முதுகெலும்பில் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளை ஒரு சுருள்வில் போல இணைத்திருக்கிறார்கள். சாதாரணச் சுருள்வில் எவ்வளவு இழுத்தாலும் நீளும். இது அப்படி இல்லை. ஆக்ஸ்டிஎன்ஏவின் புதிய வடிவமான டிஎன்ஏ2வில் இதன் இயல்பு நீளம் 0.7564 அலகு. இரு பக்கமும் 0.25 வரைதான் அனுமதி. அதாவது 1.0064 அலகை நெருங்கினால் விசை முடிவிலிக்கு ஓடும். நானோமீட்டரில் சொன்னால் சுமார் 0.86. கேட்நேனோ என்ற வரைபட மென்பொருளில் வரைந்த ஒரிகாமியை (நீண்ட இழையைக் குட்டி இழைகளால் மடித்துச் செய்யும் டிஎன்ஏ வடிவத்தை) மாற்றிக் கொண்டுவரும்போது சுருள்கள் வரைபடத்தில் இருந்த இடத்திலேயே தட்டையாகக் கிடக்கும். ஒரு சுருளின் முனையிலிருந்து தூரத்துச் சுருளுக்குத் தாவும் இழை, பத்து இருபது நானோமீட்டருக்கு நீட்டிப் பிடித்த கோடாக இருக்கும். முதல் அடியிலேயே கணக்கு சிதறுவதற்கு அது போதும்.

சரிசெய்யும் வரிசை இது. அவசரப்பட்டு நடுவில் எதையும் தாண்ட வேண்டாம்.

முதலில், வடிவத்தைக் காட்டித் திருத்தவிடும் ஆக்ஸ்வியூ மென்பொருளில் அதைத் திறந்து கண்ணால் பாருங்கள். நீண்ட கோடுகள் தெரிகிறதா? தெரிந்தால் பகுதிகளைத் தனித்தனிக் கொத்தாகப் பிரித்து, கையால் இழுத்து, எதிர்பார்க்கும் வடிவத்துக்கு அருகில் கொண்டுவாருங்கள். கொத்துகளைத் திடப்பொருளாக வைத்து ஈர்த்துக்கொள்ளச் செய்யும் வசதியும் அதிலேயே உண்டு. இந்த ஐந்து நிமிட வேலையைச் சோம்பல்பட்டு விட்டுவிட்டு இரண்டு நாள் கணினியை ஓடவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு கேட்கவில்லை. தயவுசெய்து முதலில் பாருங்கள்.

இரண்டாவது, சிம் டைப் என்ற இடத்தில் 'மின்' (மினிமம் என்பதன் சுருக்கம்) என்று கொடுத்து ஆற்றலைக் குறைக்கும் ஓட்டம். சில ஆயிரம் அடி போதும். இது வெப்பம் இல்லாத ஓட்டம். ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் புள்ளிகளை விலக்கிவிடும். ஜிபியூவை இங்கே தேடாதீர்கள், சிபியூவில் ஓட்டுங்கள்.

மூன்றாவது, இன்புட் கோப்பில் மேக்ஸ் பேக்போன் ஃபோர்ஸ் என்ற வரியைச் சேர்த்து எம்டி ஓட்டம். மதிப்பு 5, அதன் தூரத்து இணையான மேக்ஸ் பேக்போன் ஃபோர்ஸ் ஃபார் 10 என்று வைப்பது வழக்கம். இது முதுகெலும்பு விசைக்கு ஒரு உச்சவரம்பு போடும். நீண்ட பிணைப்பு சிதறாமல் மெதுவாகச் சுருங்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நீண்ட பிணைப்பு சுருங்கும் வேகத்தில் பக்கத்து இரட்டை இழையைக் கிழித்துவிடும். அதனால் இந்தக் கட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டிய ஒவ்வொரு ஜோடிக்கும் இடையே மியூச்சுவல் டிராப் என்ற மெல்லிய கட்டு போடுங்கள். ஆக்ஸ்வியூவே அந்தக் கோப்பை எழுதிக் கொடுக்கும். ஜோடியில் இரு பக்கமும் கட்டு இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் விசை சமனாகாமல் மொத்த அமைப்பும் ஒரு பக்கமாக ஓடும். அந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன்.

நான்காவது, உச்சவரம்பையும் கட்டுகளையும் எடுத்துவிட்டு உண்மையான ஓட்டம். எடுக்க மறப்பவர்கள் நிறைய. கட்டு போட்டபடியே பத்து கோடி அடி ஓட்டிவிட்டு, "என் ஒரிகாமி ரொம்ப உறுதியா இருக்கு" என்று சந்தோஷப்படுவது பரிதாபம்.

அம்பாசமுத்திரத்து மாணவிக்கு மூன்றாம் படியிலேயே நிலையாற்றல் -1.3க்கு வந்துவிட்டது. கட்டுகளை எடுத்தபின் -1.42.

ஓடுகிறது, ஆனால் இரட்டை இழை கண்முன்னே கரைந்துவிடுகிறது

தெர்மாமீட்டரைப் பாருங்கள். மூன்றாவது எண் 0.29 இல்லாமல் 60 என்று இருந்தால் காரணம் ஒரே ஒரு எழுத்து. வெப்பநிலை வரியில் 20 என்று மட்டும் எழுதியிருப்பீர்கள். 20 போட்டு ஒட்டினாற்போல சி எழுத்தைப் போட்டால்தான் செல்சியஸ். கெல்வினுக்கு கே. எழுத்தே இல்லாவிட்டால் அது மாதிரியின் உள் அலகு. 20 உள் அலகு என்றால் 60,000 கெல்வின். சூரியனின் மேற்பரப்பே ஆறாயிரத்துக்குள்தான். அந்தச் சூட்டில் எந்த இழை நிற்கும்?

மூன்றாவது எண் சரியாகத் தொடங்கி, போகப்போக ஏறினால் கால அடியைச் சந்தேகப்படுங்கள். 0.003 பாதுகாப்பானது. 0.005 வரை போகலாம். இதற்கு மேல் வைத்தால் ஒவ்வொரு அடியிலும் சின்னப் பிழை சேர்ந்து ஆற்றல் ஊறிக்கொண்டே போகும். வெப்பநிலையைப் பிடித்து வைக்கும் தெர்மோஸ்டாட் அதை மறைக்கப் பார்க்கும், முழுதாக மறைக்காது.

மூன்றாவது எண் எங்கேயோ ஒரு மதிப்பில் நிலைத்து நிற்கிறது, ஆனால் நீங்கள் கேட்ட வெப்பநிலை அது இல்லை என்றால் தெர்மோஸ்டாட் வரியே இல்லாமல் போயிருக்கும். வேறொருவரின் இன்புட் கோப்பை வெட்டி ஒட்டும்போது இது நடக்கும்.

மூன்றாவது எண் எல்லா வகையிலும் சரி, ஆனாலும் முனைகளில் ஒன்றிரண்டு ஜோடிகள் திறந்து மூடுகின்றன. இது நோயே இல்லை. நிஜ டிஎன்ஏவிலும் முனை பிரிந்து சேரும். அதைத் தடுக்கக் கட்டு போட வேண்டாம்.

இழைகள் பக்கத்தில் வந்தும் சேர மறுக்கின்றன

இந்த அறிகுறிக்கு மூன்று காரணம் பார்த்திருக்கிறேன். முதல் காரணத்தில்தான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும், ஏனென்றால் அது எர்ரர் எதுவும் தராமல் ஏமாற்றும்.

இழையின் இரு முனைகளுக்கு 3', 5' என்று பெயர். எந்த நியூக்ளியோடைடு எதோடு இணைந்தது என்று சொல்வது டோப்பாலஜி கோப்பு. ஆக்ஸ்டிஎன்ஏவின் பழைய டோப்பாலஜி வடிவம் ஒவ்வொரு இழையையும் 3' முனையிலிருந்து 5' முனைக்கு எழுதும். புத்தகத்திலும் கட்டுரையிலும் நாம் படிப்பதோ 5' முனையிலிருந்து. புதிய வடிவத்தில் அதை மாற்றி, 5' முனையிலிருந்தே எழுதுகிறார்கள். முதல் வரியிலேயே அந்தத் திசை குறிக்கப்பட்டிருக்கும். உங்கள் கோப்பு எந்த வகை என்று முதல் வரியைப் பார்த்து உறுதி செய்யாமல் வரிசையைத் தட்டாதீர்கள்.

ஒரு இழையை மட்டும் திசை மாற்றித் தட்டினால் விளைவு தெளிவாகத் தெரியும். எதுவும் ஜோடி சேராது, நிலையாற்றல் போதிய அளவு இறங்காது. இரண்டு இழையையும் சேர்த்தே திசை மாற்றித் தட்டினால்? அப்போதும் அவை ஒன்றுக்கொன்று பொருந்தும்! தாளில் எழுதிப் பாருங்கள். ஒரு சொல்லையும் அதன் இணையையும் சேர்த்துத் திருப்பினால் பொருத்தம் கெடுவதில்லை. ஆற்றலும் -1.4. எல்லாம் நலம் என்று தோன்றும். ஆனால் நீங்கள் ஓட்டுவது வேறொரு மூலக்கூறு. அடுக்கு ஈர்ப்பு வரிசையைப் பொறுத்தது, அதனால் எண்கள் கொஞ்சம் மாறும். அதைவிட மோசம், டோஹோல்டு (புதிய இழை முதலில் பற்றிக்கொள்ளும் ஒற்றை வால்) வைத்த வடிவமானால் 5' பக்கம் தொங்க வேண்டிய ஒற்றை வால் 3' பக்கம் தொங்கும். ஒரு இழை இன்னொன்றைத் தள்ளிவிட்டு அதன் இடத்தைப் பிடிக்கும் இழை இடப்பெயர்ச்சியின் முழு நடையும் எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கும். என் கையிலேயே ஒரு ஓட்டம் மூன்று வாரம் இப்படிப் போனது. அதிலிருந்து, ஓட்டுவதற்கு முன் ஆக்ஸ்வியூவில் முதல் நியூக்ளியோடைடைத் தொட்டு அது எந்த முனை, என்ன காரம் (ஏ, டி, ஜி, சி எழுத்தில் எது) என்று படித்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

இரண்டாவது காரணம் பெட்டி. 1 மைக்ரோமோலார் செறிவில் ஆய்வுகூடத்தில் செய்த பரிசோதனையை அப்படியே பின்பற்ற நினைத்து, ஒரு ஜோடி இழைக்கு அதே செறிவு வைத்தால் பெட்டியின் பக்கம் சுமார் 139 அலகு, அதாவது 118 நானோமீட்டர் வரும். பத்துப் பதினைந்து காரம் நீளமுள்ள இரண்டு இழைகள் அதற்குள் ஒன்றையொன்று தேடுவது, வைகாசி வெயிலில் தாமிரபரணி மணலில் போட்ட மூக்குத்தியைத் தேடுவது போல. சந்தித்தாலும் முதல் இரண்டு மூன்று ஜோடி சரியாக அமையாமல் பெரும்பாலும் பிரிந்துபோகும். சேர்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டுமானால் பெட்டியைச் சுருக்குங்கள். எவ்வளவு உறுதியாகச் சேர்கிறது என்று அளக்க வேண்டுமானால் சும்மா காத்திருக்கும் எம்டி வழி அதற்கு இல்லை. விஎம்எம்சி என்ற கொத்து நகர்வு மான்டி கார்லோவையும், அம்ப்ரெல்லா சாம்ப்ளிங் என்ற எடை போடும் முறையையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். எத்தனை ஜோடி சேர்ந்திருக்கிறது என்பதையே அளவுகோலாக வைத்து, அரிதாக நடக்கும் நிலைகளுக்கு எடை கூட்டுவார்கள். கடைசியில் அந்த எடையைக் கழித்துவிடுவார்கள்.

மூன்றாவது, இழை தன்னோடு தானே மடிந்துகொண்டு ஹேர்பின் ஆகியிருக்கும். மற்ற இழைக்குக் கொடுக்க அதனிடம் எதுவும் மிச்சமில்லை. வரிசையை மாற்ற வேண்டும். இல்லை, மடிப்புதான் உண்மையில் குற்றவாளியா என்று சோதிக்க மட்டும் வேண்டுமா? டோப்பாலஜி கோப்பில் எழுத்துக்குப் பதிலாக எண் கொடுக்கலாம். கூட்டினால் 3 வரும் இரண்டு எண்களே ஜோடி சேரும். 13க்கு -10 மட்டும், 14க்கு -11 மட்டும். இப்படித் தனித்தனி எண் கொடுத்தால் வேண்டாத ஜோடி எதுவும் அமையாது. நிஜத்தில் இல்லாத டிஎன்ஏ இது, காரணத்தைத் தனியே பிரித்தறிய மட்டும் பயன்படுத்துங்கள்.

உருகுவெப்பம் பரிசோதனையோடு ஒத்துப்போகவில்லை

உருகுவெப்பம் என்பது இழைகளில் பாதி பிரிந்துவிடும் வெப்பநிலை. செறிவு ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பக்கம் 20 அலகு உள்ள பெட்டியில் ஒரு ஜோடி இழை என்றால் செறிவு சுமார் 0.34 மில்லிமோலார். மைக்ரோமோலாரில் செய்த பரிசோதனையைவிட முந்நூறு மடங்குக்கு மேல். உருகுவெப்பம் கூடத்தான் செய்யும். சான்டாலூசியா 1998ல் தொகுத்த அண்டைக்கார வெப்ப இயக்கவியல் அளவுகளை வைத்து உங்கள் செறிவுக்கே உருகுவெப்பத்தைக் கணக்கிட்டு அதோடு ஒப்பிடுங்கள். மாதிரியைச் செதுக்கும்போதும் அந்த அளவுகளோடுதான் ஒப்பிட்டார்கள்.

செறிவு சரி, இன்னும் சில டிகிரி தள்ளி நிற்கிறதா? அப்படியானால் பாதி எது என்பதில் தவறு இருக்கும். பெட்டியில் ஒரே ஒரு ஜோடி இருக்கும்போது, சேர்ந்த நேரமும் பிரிந்த நேரமும் சமமாக இருக்கும் வெப்பத்தை உருகுவெப்பம் என்று எடுத்துக்கொள்வார்கள். இயல்பாக எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும், ஆனால் அது சரியல்ல. சோதனைக்குழாயில் கோடிக்கணக்கான இழைகள் உண்டு. ஒரு இழை அடுத்து எந்த இழையோடு வேண்டுமானாலும் சேரலாம், எண்ணிக்கை ஏறி இறங்கலாம். உங்கள் பெட்டியில் ஒருத்திக்கு ஒருத்தன் மட்டும்தான். இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்தால், வெவ்வேறான இரண்டு இழைகளுக்கு, பெட்டியில் சேர்ந்ததும் பிரிந்ததும் 2க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும் வெப்பமே குழாயில் பாதி சேர்ந்திருக்கும் வெப்பம். 1க்கு 1 இருக்கும் இடத்தில் குழாயில் சேர்ந்திருப்பது 38 சதவீதம் மட்டுமே.

இதைச் சொல்லும்போது பிள்ளைகள் முகத்தில் வரும் வெளிச்சத்துக்காகவே நான் இந்த அறிகுறியை விரும்புகிறேன். அவர்கள் கணக்கில் தப்பில்லை. பெட்டி சின்னது, அவ்வளவுதான்.

வரிசையை மாற்றினேன், உப்பை மாற்றினேன், எதுவும் மாறவில்லை

ஏடி நிறைந்த இழையும் ஜிசி நிறைந்த இழையும் ஒரே வெப்பத்தில் உருகினால், சராசரி வரிசை என்ற அமைப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. யூஸ் ஆவரேஜ் சீக்வென்ஸ் வரியை நீங்களாக 'நோ' என்று கொடுத்து, வரிசை சார்ந்த அளவுகள் உள்ள கோப்பின் பெயரையும் கொடுக்காதவரை, மாதிரிக்கு எல்லாப் பொருந்தும் ஜோடியும் சம பலம்தான். யார் யாரோடு சேரலாம் என்பதை மட்டும் எழுத்து முடிவு செய்யும். ஒரிகாமியின் பொதுவான வடிவத்தைப் பார்க்க இதுவே போதும். உருகுவெப்பத்துக்கும் இழை இடப்பெயர்ச்சி வேகத்துக்கும் போதாது.

உப்பு வேலை செய்யவில்லை என்றால் இன்டராக்ஷன் டைப் வரியைப் பாருங்கள். ஒன்றும் எழுதாவிட்டால் பழைய டிஎன்ஏ வடிவமே எடுத்துக்கொள்ளப்படும். அது 0.5 மோலார் உப்பில் மட்டுமே பொருந்தும்படி செய்யப்பட்டது. அதில் மின்விலக்கம் தனியாக இல்லை, பெரிய பள்ளம் சின்னப் பள்ளம் என்ற வேறுபாடும் இல்லை. 2015ல் வந்த டிஎன்ஏ2 வடிவத்தில்தான் இரண்டும் வந்தன. உப்பு அங்கே டிபை ஹியூக்கல் என்ற மறைப்புச் சூத்திரமாக வருகிறது. 0.5 மோலாரில் மின்விலக்கம் 0.43 நானோமீட்டரில் மங்கும், 0.1 மோலாரில் சுமார் 0.96ல். உப்பைக் குறைக்கக் குறைக்க விசையின் கை நீளும், ஓட்டமும் மெதுவாகும். 0.1 மோலாருக்குக் கீழே போய் வரும் எண்களை நான் நம்ப மாட்டேன்.

மெக்னீசியம் போட இடம் எங்கே என்று கேட்கிறவர்களுக்கு: இடம் இல்லை. ஆய்வுகூடத்தில் ஒரிகாமியை மெக்னீசியத்தில்தான் மடிப்பார்கள். இங்கே அதற்கு ஈடாக 0.5 அல்லது 1 மோலார் சோடியம் வைத்துக்கொள்கிறோம்.

படத்தில் ஒரு இழை மூலையில், அதன் ஜோடி எதிர் மூலையில்

எதுவும் உடையவில்லை. பெட்டிக்குச் சுவர் கிடையாது, ஒரு பக்கம் போனால் மறுபக்கம் வரும். எழுதும்போது ஒவ்வொரு இழையையும் தனித்தனியாகப் பெட்டிக்குள் இழுத்து வைத்தால், எல்லையில் நிற்கும் ஜோடி பிரிந்தது போலத் தெரியும். ஆக்ஸ்வியூவில் மையப்படுத்தும் வசதியை அழுத்தினால் சேர்ந்துவிடும். உண்மையில் பிரிந்திருந்தால் இரண்டாவது எண் காட்டிக்கொடுத்திருக்கும்.

தட்டையாக வரைந்தேன், முறுக்கிக்கொண்டு வருகிறது

கேட்நேனோவில் சதுரப் பின்னலில் வரைந்தீர்களா? அங்கே 3 சுற்றுக்கு 32 ஜோடி, அதாவது சுற்றுக்கு 10.67. டிஎன்ஏ விரும்புவது 10.5. ஒவ்வொரு சுருளும் கொஞ்சம் கொஞ்சமாக முரண்டு பிடிக்க, மொத்தப் பலகையும் முறுக்கிக்கொள்ளும். பரிசோதனையிலும் இப்படித்தான் வரும். மாதிரி பொய் சொல்லவில்லை. சில இடங்களில் ஒரு ஜோடியை நீக்கித்தான் சமன் செய்ய வேண்டும். தேன்கூட்டுப் பின்னலில் 2 சுற்றுக்கு 21 ஜோடி, அதனால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

மின்சாரம் போய்விட்டது

2023 டிசம்பர் 17, 18ல் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆற்றில் வெள்ளம், தெருவில் வெள்ளம், கரண்ட் இல்லை. எட்டு நாளாக ஓடிக்கொண்டிருந்த என் ஓட்டம் நடுவில் நின்றது. கணினியை மாடிக்குத் தூக்கிவிட்டதால் ஹார்டு டிஸ்க் மட்டும் தப்பியது. இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம்தான் தாங்கும்.

கரண்ட் வந்ததும் பதற்றத்தில் அதே இன்புட் கோப்பை அப்படியே மறுபடி ஓட்டிவிடாதீர்கள். ரீஸ்டார்ட் ஸ்டெப் கவுன்டர் 1 என்று இருந்தால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கி, ஓட்டத்தின் பதிவான பழைய டிராஜெக்டரியின் மேலேயே எழுதிவிடும். எட்டு நாள் உழைப்பு ஒரு நொடியில் போகும். முதலில் முழுக் கோப்புறையையும் வேறு இடத்துக்கு நகல் எடுங்கள். அப்புறம் ஆரம்ப வடிவமாகக் கடைசி வடிவக் கோப்பைக் கொடுங்கள், ஸ்டெப் கவுன்டரை 0 ஆக்குங்கள், வேகங்களைப் புதிதாக எடுக்கும் ரெஃப்ரெஷ் வெல் வரியையும் 0 ஆக்குங்கள். ஓட்டம் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

டிராஜெக்டரியின் வால்பகுதியையும் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு சட்டகத்திலும் தலைப்பு வரி மூன்று, பிறகு நியூக்ளியோடைடுக்கு ஒரு வரி, வரிக்கு 15 எண்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிருந்தால் கடைசிச் சட்டகம் பாதியில் நிற்கும். அதைத் திருத்தி அறுத்துவிட்டுத் தொடருங்கள். இல்லாவிட்டால் பகுப்பாய்வு நிரல் பின்னால் எங்கேயோ போய்க் குழம்பும், காரணம் கண்டுபிடிக்க நாளாகும்.

ரொம்ப மெதுவாக ஓடுகிறது

ஒரிகாமிக்கு வழக்கமாக எடுக்கும் எம்13 வைரஸ் இழையின் 7249 காரமும் அதை மடிக்கும் குட்டி இழைகளான ஸ்டேப்பிள்களும் சேர்ந்தால் பதினான்காயிரம் நியூக்ளியோடைடு. அதற்கு ஜிபியூ வேண்டும். முப்பது நாற்பது நியூக்ளியோடைடுக்கு ஜிபியூ வீண், சிபியூவே முந்தும். ஆக்ஸ்டிஎன்ஏவின் சிபியூ ஓட்டம் ஒரே கருவைத்தான் (கோர்) பயன்படுத்தும். அதனால் எட்டுக் கரு உள்ள கணினியில் எட்டுத் தனி ஓட்டங்களை வேறு வேறு சீடு எண் (தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் எண்) கொடுத்து ஓட்டுங்கள். சீடு ஒன்றாக இருந்தால் எட்டும் ஒரே கதையைச் சொல்லும்.

எண்கள் எல்லாம் சரி, ஆனால் எதிர்பார்த்தது நடக்கவே இல்லை

குவானின் (ஜி) நிறைந்த டெலோமியர் துண்டை, அதாவது குரோமோசோம் முனையின் டிஎன்ஏவை, ஒருவர் கொண்டுவந்தார், அது நால்இழைக் கட்டாக மடியவே இல்லை என்று. இரண்டு மாதம் வெப்பநிலையையும் உப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார். இங்கே சரிசெய்ய எதுவுமில்லை. ஆக்ஸ்டிஎன்ஏவுக்கு ஏ-டி, ஜி-சி என்ற வாட்சன் கிரிக் ஜோடி மட்டும்தான் தெரியும். நால்இழைக் கட்டுக்குத் தேவையான ஹூக்ஸ்டீன் என்ற வேறு வகைப் பிணைப்பு அதில் இல்லை, நடுவில் உட்கார்ந்து கட்டைத் தாங்கும் பொட்டாசியம் அயனியும் இல்லை. எத்தனை கோடி அடி ஓட்டினாலும் வராது. அதேபோல ஒரு மருந்து மூலக்கூறு காரங்களுக்கு நடுவே செருகிக்கொள்வதையும் இதில் பார்க்க முடியாது.

பத்தமடையில் என் சித்தி வீட்டில் பாய் பின்னுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். கோரை எவ்வளவு வளையும், ஈரம் எவ்வளவு இருந்தால் ஒடியாது, பாவு நூல் எவ்வளவு இழுத்தால் தாங்கும் என்பதெல்லாம் சித்திக்கு விரல்நுனியில் இருக்கும். கோரைக்குள் இருக்கும் நாரைப் பற்றி அவருக்கு அக்கறையே இல்லை, பாய் அருமையாக வரும். ஆனால் சாயம் ஏன் ஒரு கோரையில் ஏறுகிறது, இன்னொன்றில் ஏறவில்லை என்று கேட்டால், கோரையை அறுத்து உள்ளே பார்த்தாக வேண்டும். பருமணி மாதிரியும் இப்படித்தான். நால்இழைக் கட்டுக்கும் மருந்துக்கும் முழு அணு சிமுலேஷனுக்குப் போங்கள்.

நேரத்தைப் பற்றிய கேள்வியும் இந்தப் பிரிவில்தான் சேரும். நேர அலகு 3.03 பிக்கோநொடி என்பதால், 0.003 அடியில் நூறு கோடி அடி ஓட்டினால் தாளில் 9 மைக்ரோநொடி வரும். அதை அப்படியே கட்டுரையில் எழுதாதீர்கள். தண்ணீர் இல்லை, விரவலையும் வேண்டுமென்றே வேகமாக வைத்து ஓட்டுகிறோம். நிஜ உலகத்தின் மைக்ரோநொடி அது இல்லை. இரண்டு வடிவங்களில் எது எத்தனை மடங்கு வேகம் என்ற ஒப்பீட்டுக்கு மட்டும் அந்த எண்களை வைத்துக்கொள்ளுங்கள். டோஹோல்டு நீளம் கூடக் கூட இடப்பெயர்ச்சி எப்படி வேகமெடுக்கிறது என்பதை 2013ல் இப்படி ஒப்பிட்டுத்தான் இந்த மாதிரியை வைத்து விளக்கினார்கள்.

டெலோமியர் துண்டோடு வந்தவரிடம் வேறு எந்தக் கேள்வி உண்டு என்று கேட்டேன். அதே துண்டு தன் இணை இழையோடு எவ்வளவு உறுதியாகச் சேர்கிறது என்பதும் புராஜெக்டில் இருப்பதாகச் சொன்னார். அதை இந்த மாதிரி செய்யும். பெட்டி 20 அலகு, டிஎன்ஏ2, வரிசை சார்ந்த அளவுகள், விஎம்எம்சி என்று அன்று மாலையே ஓட்டத்தைத் தொடங்கிவிட்டுத்தான் வண்ணார்பேட்டைக்குப் பஸ் ஏறினார்.